பத்துக்குப் பன்னிரண்டு அடி

"எனக்குப் புத்தி நல்லா இருக்கா, இல்ல கழண்டு போச்சா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லணும். முடியுமா, முடியாதா?"

வாசலில் நின்றபடியே இப்படிக் கேட்ட அம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருப்பில் எல்லோரும் பரிசோதகரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மிடுக்கு இன்னும் குறையவில்லை.

"முதல்ல உட்காருங்க. அஞ்சு மணிக்கு என்ன?" என்றாள் அண்ணி.

அண்ணி காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீப்பிடித்த வீடுகளை விசாரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். இடி விழுந்தாலும் குரல் உயராது. அவளுக்கு உதவி, புருஷனின் தங்கை. அந்த நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அவசரம். வந்தவர் உட்காருவதற்குள் அவசரம் நோட்டைப் பிரித்துத் தேதியே எழுதிவிட்டாள்.

பரிசோதகரம்மா விஷயத்தைக் கொட்டினார். தனியாக ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்தில் மூன்று தடவை அவர் வீட்டுப் பால் பாத்திரம் கருகிவிட்டது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அவருடைய அக்கா மகன், சித்திக்கு ஞாபகம் தப்பிவிட்டது, கட்டடத்துக்கே ஆபத்து என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்றைய கூட்டத்தில் கேஸ் இணைப்பைத் துண்டித்து, அவரை அவன் பொறுப்பில் விடப்போகிறார்கள். அவன் ஏற்கெனவே முதியோர் விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான்.

"போன வருஷம் நடுச்சுவரை இடிச்சு ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கலாம்னு கேட்டான். சுவர்ல கை வச்சா கையை ஒடிச்சிடுவேன்னேன். அதோட விட்டுட்டான்." அவர் குரல் இறங்கியது. "வியாழக்கிழமை காலையில பால் காய்ச்சினேன். அடுப்பை அணைச்சதாத்தான் ஞாபகம். நூலகம் போய், வெளியிலேயே சாப்பிட்டு, ஒரு மணிக்கு வந்தேன். ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தூங்கினேன். எழுந்து பார்த்தா பாத்திரம் கரிக்கட்டை. என் ஞாபகத்தை நானே நம்பமாட்டேங்கறேன், அதாம்மா பயமா இருக்கு."

அவன் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை அவசரம் வாய்விட்டுப் படித்தாள்: "'வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். சித்தி கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, அவரை எழுப்ப மனமில்லாமல் திரும்பி வந்தேன்.' பாவம், எவ்வளவு அக்கறை!"

"வீட்டைப் பார்க்கலாமா?" என்றாள் அண்ணி.

கதவைத் திறந்ததும் அவசரம் வாயைப் பிளந்தாள். வீடா அது? காலி அறை! ஒரு மேஜை நாற்காலிகூடக் கண்ணில் படவில்லை.

"பத்துக்குப் பன்னிரண்டு அடி," என்றார் பரிசோதகரம்மா பெருமையாக. "ரயில்ல படுக்கையை மடக்கறதைப் பார்த்துப் பார்த்து, தச்சரை உட்கார வச்சு நானே போட்டுக் கொடுத்த கணக்கு. எல்லாம் சுவருக்குள்ள இருக்கு."

இழுத்தார், மேஜை வந்தது. தட்டினார், நாற்காலி விரிந்தது. ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி, அதன் முன்பக்கத்தை ஒட்டி நிமிர்த்தி வைத்த கட்டில். நேர் எதிரே இரட்டைக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மளிகை டப்பாக்கள், ஒரு சமையலறையே உள்ளே இருந்தது.

அவசரம் அளவு நாடாவோடு பாய்ந்தாள். புத்தக அலமாரியின் ஆழம் ஒன்றரை அடி, கட்டிலின் நீளம் ஆறேகால், சமையல் அலமாரியின் ஆழம் இரண்டு, அறையின் அகலம் பத்து. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அண்ணி அடுப்பைக் குனிந்து பார்த்து, பர்னரை விரலால் தடவினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"துடைச்சீங்களா?"

"இல்லம்மா. பாத்திரத்தைப் பார்த்ததுல இருந்து அந்தப் பக்கம் போகவே பயம். பக்கத்துக் கடையிலதான் சாப்பாடு."

பரிசோதகரம்மா அலமாரியைச் சாத்திவிட்டு, கொக்கியை விடுவித்துக் கட்டிலை இறக்கிக் காட்டினார். அவசரம் உடனே ஏறி உட்கார்ந்து குலுக்கிப் பார்த்தாள். முனகல்கூட இல்லை.

"நல்லா உட்காரு. ஐயோ, வந்தவங்களுக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்கலையே! நீங்க இருக்கீங்க, பயம் என்ன? எழுந்திரும்மா, கட்டிலை மேலே ஏத்தணும்."

அவசரம் எழுந்து நின்று ஒரு கை கொடுத்தாள். டீ வந்தது. அண்ணி ஒரு மடக்குக் குடித்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கூட்டத்தை இந்த அறையிலேயே வைக்கச் சொல்லுங்க. அவசரம், நீ எழுதினதைக் கூட்டிப் பார்த்தியா?"

"கூட்டலையே அண்ணி."

"கூட்டு."

அவசரம் கூட்டினாள். ஒன்பதே முக்கால். அதனால் என்ன என்று கேட்க வாயெடுப்பதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

சங்கச் செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் வந்தார்கள். பின்னாலேயே அக்கா மகன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "சித்தி, உங்க நல்லதுக்குத்தான்," என்று ஆரம்பித்தான்.

"கடிதத்துல எழுதினதை ஒருதரம் வாயால சொல்லுங்க," என்றாள் அண்ணி. "அவங்க எங்க படுத்திருந்தாங்க?"

"கட்டில்லதான். வேற எங்க?"

"நீங்க எங்க நின்னு அடுப்பை அணைச்சீங்க?"

"அடுப்புக்கு முன்னாடி நின்னுதான். என்ன கேள்வி இது?"

"சரி. அணைச்சுக் காட்டுங்க. அம்மா, கட்டிலை இறக்கிப் படுங்க."

எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். கட்டில் இறங்கியது. அதன் கால்மாடு சமையல் அலமாரிக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. பரிசோதகரம்மா ஏறிப் படுத்துக்கொண்டார். அக்கா மகன் ஓர் அடி வைத்தான். அப்புறம் கால் வைக்க இடமில்லை. எட்டிக் கதவை இழுத்தான். அது கட்டிலில் முட்டி நின்றது.

அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே! டீக்காகத் தன்னையே எழுப்பிவிட்டார்களே! நோட்டில் வேறு கொட்டை எழுத்தில் இருக்கிறதே!

"பத்தடி அகலத்துல ஒன்பதே முக்கால் அடிக்குச் சாமான்," என்றாள் அண்ணி நிதானமாக. "இந்த வீட்டுல தூங்கினா சமையல் கிடையாது, சமைச்சா தூக்கம் கிடையாது. ரெண்டும் சேர்ந்து நடக்கவே நடக்காது. கதவைச் சாத்தி உள்ளே அடுப்பு எரிஞ்சிருந்தா மரம் கருகியிருக்கும். மரத்துல ஒரு கறுப்புப் புள்ளி இல்ல. பால் பொங்கிக் கருகியிருந்தா பர்னர்ல ஒட்டியிருக்கும், அதுவும் இல்ல. அவங்க நூலகம் போன நேரத்துல பாத்திரத்தை எடுத்துட்டுப் போய் உங்க வீட்டு அடுப்புல கருக்கி, திரும்பக் கொண்டு வந்து வச்சீங்க. நீங்க வர்றப்பல்லாம் கட்டில் சுவர்லதான் நின்னிருக்கும். அது கீழே இறங்கி நீங்க ஒருநாளும் பார்த்ததில்ல. எல்லார் வீட்டுக் கட்டிலும் அடுப்பும் மாதிரி இதுவும்னு நினைச்சு எழுதிட்டீங்க."

"எனக்கே தோணலையே!" பரிசோதகரம்மா எழுந்து உட்கார்ந்தார். "தினமும் ஏத்தி இறக்கறவ நான்!"

"உங்களைச் சந்தேகப்படவே உங்களுக்கு நேரம் சரியா இருந்தது. கட்டிலை எங்க நினைப்பீங்க?"

அக்கா மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வீட்டுல நாலு பேர் சித்தி. பிள்ளைங்க படிக்க ஒரு மூலைகூட இல்ல. வேற வழி தெரியல."

பரிசோதகரம்மா அவன் பக்கம் திரும்பினார். கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வீட்டைக் கேட்டே, மாட்டேன்னேன். அது சண்டை, ஒரு மாசத்துல ஆறியிருக்கும். நீ என் புத்தியிலயே கை வச்சியேடா! மூணு மாசமா அணைச்ச அடுப்பைப் பத்துத் தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பேரே மறந்துடுமோன்னு சீட்டுல எழுதித் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன். சாவியை எடு."

சாவி கை மாறியது. செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "நடந்தது நடந்துபோச்சு. இருந்தாலும் உங்க வயசுக்கு, தினம் ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போற மாதிரி ஒரு ஏற்பாடு..."

"தீர்மானப் புத்தகம் கொண்டு வந்திருக்கீங்கல்ல?" என்று குறுக்கிட்டார் பரிசோதகரம்மா. "திறங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"'வீட்டுக்காரி அவள் வீட்டில் இருப்பாள். அவளை யாரும் வந்து பார்க்க வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டால் கதவைத் தட்டலாம், திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.' எழுதியாச்சா? எல்லாரும் கையெழுத்துப் போடுங்க." பேனாவைப் பிடுங்கி அக்கா மகனிடம் நீட்டினார். "முதல்ல நீ."