அமாவாசையில் விழுந்த முத்திரை

“நான் கையெழுத்து போடமாட்டேன் சார். அதை முதல்லயே சொல்லிட்றேன்” என்றாள் நஸ்னீன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஒலிமுகமதுபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த வழி நெடுக அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த பேச்சு அது. காந்தி ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், மேசைக்குப் பின்னால் இருந்த இளவரசன் ஆச்சரியப்படவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அவருடைய உதவியாளர் அபிநயாவுக்கோ நிதானம் என்பது கிடையாது.

“எதுல கையெழுத்து போடணும்க்கா? யாரு கேட்டாங்க?” என்று அபிநயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மன்னிப்புக் கடிதத்துல. பட்டு உற்பத்தியாளர் சங்கத்துல நான்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு பொதுக்குழு. அதுக்குள்ள ‘தப்பு பண்ணிட்டேன்’னு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போகணுமாம். இல்லன்னா போலீஸாம். போகட்டும் போலீஸுக்கு!”

இளவரசன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “மொதல்லேர்ந்து சொல்லுங்கமா.”

சொன்னாள். சங்கம் விற்கும் ஒவ்வொரு பட்டுப் புடவைக்கும் ஒரு மின்முத்திரை உண்டு. போனில் ஸ்கேன் செய்தால், இது கைத்தறிதான் என்ற உத்தரவாதமும், முத்திரை விழுந்த தேதியும் நேரமும் தெரியும். அந்த முத்திரையைத் தருவது சர்வர். அலுவலகக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு புரோகிராம், அந்தக் கம்ப்யூட்டர் காட்டும் தேதியையும் நேரத்தையும் சேர்த்து, அதைக் கேட்டு வாங்குகிறது. புரோகிராமை எழுதியவள் நஸ்னீன்.

“போன வாரம் கோயம்புத்தூர் கடைலேர்ந்து ஒரு கட்டுப் புடவை திரும்பி வந்துச்சு. அத்தனையும் விசைத்தறி. அத்தனையிலும் எங்க முத்திரை! ஸ்கேன் பண்ணா போன மாசத்து அமாவாசை, புதன்கிழமைன்னு தேதி காட்டுது. அமாவாசைக்குத் தறி ஓடாது, சங்கமும் பூட்டு. கூட்டம் இல்லாத நாள்னு சர்வர் மாத்துற வேலைக்கு அன்னிக்கு நான் மட்டும் போயிருந்தேன். போதாதா? ‘தனியா உக்காந்து திருட்டு முத்திரை போட்டுட்டா’ன்னு மைக்குல சொல்லிட்டாங்க சார். எங்க அத்தா அந்தத் தெரு வழியா கடைக்குப் போறதையே விட்டுட்டாரு.”

அந்தக் கடைசி வரியில்தான் அவள் குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள்.

“எதுக்கு சர்வரை மாத்தினீங்க?” என்று கேட்டார் இளவரசன்.

“பழசோட சான்றிதழ் அந்த வாரம் காலாவதி ஆச்சு.”

“அந்த சான்றிதழ் எதுக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“ரெண்டு பக்கமும் நம்பிக்கை வேணும் சார். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்டாத்தான் சர்வர் முத்திரை குடுக்கும். எங்க புரோகிராமும் எந்த சர்வர் கூப்பிட்டாலும் பேசிடாது. உன் சான்றிதழைக் காட்டுன்னு கேக்கும், நான் நம்புற ஆளு குடுத்ததா, தேதி முடியாம இருக்குதான்னு பாக்கும். ஒண்ணு சரியில்லன்னாலும் கதவைச் சாத்திடும்.”

“சாத்தாம இருக்க வைக்கணும்னா?”

“ஒரே ஒரு வரி போதும். ‘சான்றிதழைப் பாக்காதே’ன்னு. நெறைய பேரு அப்படித்தான் எழுதிட்டுப் போயிட்றாங்க. முகூர்த்த சீசன்ல லைன் அடிக்கடி கட்டாவுதுன்னு எங்க தலைவரும் செயலாளரும் அந்த வரியப் போடச் சொல்லி என்னோட மல்லுக்கு நின்னாங்க. வேலை போனாலும் போடமாட்டேன்னேன். என் பாஸ்வேர்டு இல்லாம வேற யாராலயும் போடவும் முடியாது. சர்வர் முகவரிய மட்டும் யாரு வேணும்னாலும் மாத்தலாம். லைன் மாறும்போதெல்லாம் என்னைக் கூப்பிட வேணாமேன்னு திறந்து வெச்சேன்.”

“பழைய சர்வர் இப்போ எங்க?”

“தலைவர் தர்மன் வீட்டு குடோன்ல. பேரன் பிரிச்சுப் பாத்து கத்துக்கட்டும்னு எடுத்துக்கினு போனாரு.”

“அது போட்ட முத்திரை இன்னும் செல்லுமா?”

“செல்லும். அந்தக் காலத்துல வித்த புடவையெல்லாம் ஊரு ஊரா பீரோல இருக்குதே சார். அதையெல்லாம் செல்லாதுன்னு சொல்ல முடியுமா?”

இளவரசன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். “புடவைக் கட்டைப் பாத்தீங்களா?”

“எங்க சார் பாக்க விட்டாங்க? சாட்சியமாம், பூட்டி வெச்சிட்டாங்க.”

சின்ன காஞ்சிபுரத்தில் சங்கக் கட்டடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. அலுவலக அறையின் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. ஒருவர் தலைவர் தர்மன், இன்னொருவர் செயலாளர் குமாரவேல், மூன்றாவது நஸ்னீன். முதல் இருவரும் உள்ளே இருந்தார்கள். குமாரவேல் நெற்றி நிறையச் சந்தனம் வைத்தவர், அத்தாவின் பால்ய நண்பர். நஸ்னீனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். தர்மன் கறுப்புச் சட்டைக்காரர். இந்தக் கட்டடத்தையே ராகு காலத்தில் திறந்துவைத்த பெருமைக்காரர். அந்தப் படம் அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

“துப்பறியறவங்களைக் கூட்டிக்கினு வந்தா ஆச்சா?” என்றார் தர்மன். போலீஸ் புகார் அவர் முன்னால் தயாராக இருந்தது. “கடைசியா கேக்கறேன். மன்னிப்புக் கடிதம் குடுக்கறியா, இதுல நான் கையெழுத்து போடட்டுமா?”

“போடுங்க தலைவரே. பேனா வேணுமா?” என்றாள் நஸ்னீன்.

தர்மன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “வந்தவங்களுக்கு டீ சொல்லுப்பா குமாரவேலு” என்று அதைக் கீழே வைத்தார். டீ வந்தது, குடித்தாயிற்று. மூக்குக்கண்ணாடி காரில் இருக்கிறது என்றார். அதுவும் வந்தது. இந்த மனிதருக்குத் தன் மேல் கொஞ்சம் இரக்கம் மிச்சமிருக்கிறதோ என்று நஸ்னீனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

“ஒரு யோசனை” என்றார் இளவரசன். “சங்கத்தோட புது சர்வர், பழைய சர்வர் ரெண்டையும் போலீஸ் எடுத்துப் பாக்கணும்னு ஒரு வரி சேத்துக்குங்க. அப்பத்தான் புகார் நிக்கும்.”

நஸ்னீன் அவரை முறைத்தாள். யாருக்காக வந்தார் இந்த ஆள்?

“சரியான பேச்சு” என்று குமாரவேல் தலையாட்டினார். தர்மனுடைய முகம் ஒரு விநாடி இறுகியது. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மலர்ந்தது. “அதுக்கென்ன, திரும்ப டைப் அடிச்சுக்கினு வரட்டும். அவசரமே இல்ல” என்றார்.

அந்த இடைவெளியில் குமாரவேல் அடுத்த அறையில் புடவைக் கட்டைப் பிரித்துக் காட்டினார். அபிநயா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து நேரத்தை உரக்கப் படித்தாள். ஒன்பது மணியில் தொடங்கி வரிசையாக முத்திரைகள். பத்தரைக்குச் சற்று முன் நின்றுவிட்டன. மறுபடி பன்னிரண்டுக்கு மேல்தான் தொடங்கின.

“நடுவுல தூங்கிட்டானா சார் திருடன்?” என்றாள் அபிநயா.

நஸ்னீனின் கண் வேறொன்றில் நின்றது. புடவை ஓரத்தில் தைத்திருந்த துணி லேபிளைத் தடவிப் பார்த்தாள். “மாமா, இது மயில் போட்ட லேபிள். அன்னப்பட்சி போட்டது போயி இது எப்போ வந்துச்சு?”

குமாரவேல் புடவையை வாங்கி லேபிளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அமாவாசை போயி ரெண்டு வாரம் கழிச்சு. ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்துச்சு. சனிக்கிழமை காலைல இந்தக் கட்டு பார்சல் போயிடுச்சு.”

“அந்த வெள்ளிக்கிழமைதான் என் தம்பி ரெஹானுக்கு நிக்காஹ்” என்றாள் நஸ்னீன்.

“ஆமாம்மா. ஆபீஸுக்கே லீவு விட்டோமே.”

அவர்கள் வெளியறைக்கு வந்தபோது கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. புதிதாக அடித்த புகார் எப்போதோ வந்து மேசையில் கிடந்தது. தர்மன் அதில் மளமளவென்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். இளவரசன் அதை வாங்கி அபிநயாவிடம் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னார். அவள் படியில் தாவி இறங்கிப் போனாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தில் உறுப்பினர்கள் நிறைந்துவிட்டார்கள். இளவரசன் அலுவலக அறைக் கதவைச் சாத்தினார்.

“கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். இந்த முத்திரை எதுவும் அமாவாசையன்னிக்கு விழல. மயில் லேபிள் அன்னிக்குப் பொறக்கவே இல்ல.”

“லேபிளை அப்புறம் தெச்சிருப்பா” என்றார் தர்மன்.

“திரும்பி வந்த கட்டைப் பூட்டின அலமாரி சாவி செயலாளர் கிட்ட இருக்குது. முத்திரை வாங்கி லேபிள்ல அச்சடிச்சு, அப்புறம்தான் தெக்கறது. முத்திரையும் லேபிள்லதான இருக்குது தலைவரே?”

தர்மன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“காலாவதியான பழைய சர்வர்கிட்டேர்ந்து முத்திரை வாங்கணும். புரோகிராம் கதவைச் சாத்துது. நஸ்னீனா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? பாஸ்வேர்டு இருக்குது, ஒரு வரி. முடிஞ்சது. இந்த ஆளுக்கு அந்த வரியப் போட வழியில்ல. முகவரிய மாத்தினான். கம்ப்யூட்டர் தேதிய அமாவாசைக்குத் திருப்பினான். சான்றிதழுக்கு உயிர் வந்துடுச்சு. பழியும் அன்னிக்குத் தனியா இருந்த பொண்ணு மேல விழுந்துடுச்சு. ஆனா தேதிய மட்டும்தான் திருப்பினான், மணிய திருப்பல.”

“அதனால?” என்றார் குமாரவேல்.

“வேலை நடுவுல பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நிக்குது. அந்த நேரத்துல வேலைய நிறுத்தறது எந்தக் கிழமை, செயலாளரே?”

குமாரவேல் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டார். இதைச் சொல்ல அவருக்கு யோசனை தேவையில்லை. “வெள்ளிக்கிழமை. ராகு காலம்.” உடனே பதறிப்போனார். “நான் இல்லீங்க! நான் அன்னிக்கு…”

“எங்க நிக்காஹ் வீட்ல இருந்தாரு சார்” என்றாள் நஸ்னீன். “விடியக்காலைலேர்ந்து. வெள்ளிக்கிழமைன்னு கத்திரிக்காயும் சோறும் மட்டும் சாப்பிட்டாரு. கார் பஞ்சர்னு சொல்லி, பிரியாணி தேக்சா கழுவும்போது வந்தவரு தலைவருதான்.”

தர்மன் பெரிதாகச் சிரித்தார்.

“ராகு காலமா? நானா? ராகு காலத்துல நான் எத்தினி கல்யாணம் நடத்தி வெச்சிருக்கேன் தெரியுமாய்யா உனக்கு?”

“எல்லாம் மத்தவங்க கல்யாணம் தலைவரே” என்றார் இளவரசன். “இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. மூணுலேர்ந்து நாலரை வரைக்கும் கையில பேனாவ வெச்சுக்கினு டீ குடிச்சீங்க, கண்ணாடி தேடினீங்க. நான் சொன்ன வரிய எதுக்கு சேத்தீங்க? திரும்ப டைப் அடிக்க நேரமாகும்னுதான. நாலரை தாண்டினதும் கை தானா ஓடுச்சு.”

“இதை எந்த கோர்ட்டு ஒத்துக்கும்?”

“ஒத்துக்காது. ஆனா பழைய சர்வரைப் பாக்கணும்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே, அதை ஒத்துக்கும்.” இளவரசனின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

“சார்!” என்று அபிநயா மூச்சிரைத்தாள். “இன்ஸ்பெக்டரோட குடோன்ல இருக்கோம். பேரன் பிரிச்சு விளையாடவே இல்ல சார். மெஷின் ஓடிக்கினு இருக்குது, நெட் லைனும் குடுத்து வெச்சிருக்காங்க. பின்னாடி விசைத்தறிப் புடவை மலை மாதிரி கெடக்குது!”

தர்மன் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளாக எட்டு ஊர் கேட்கும்படி முழங்கிய மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நஸ்னீனுக்கு அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

குமாரவேல் அவள் பக்கம் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. “தப்பு பண்ணிட்டேன்மா. உங்கத்தா மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீ வேலைலயே இரு. ஆனா ஒண்ணு, வெளிய சொல்ல வேணாம். தலைவரே இப்படின்னு தெரிஞ்சா சங்கத்துப் பேரு நாறிடும். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்.”

“நமக்குள்ளயா?” என்றாள் நஸ்னீன். “என் பேரை மைக்குல சொன்னீங்களே மாமா, அப்போ எங்க போச்சு இந்த நமக்குள்ள?”

கதவைத் திறந்துகொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். மைக்கை யாரிடமும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். திருட்டு முத்திரை போட்டவர் யார், எப்படி என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரைச்சல் அடங்கக் காத்திருந்து, மேடை நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

“பழைய சர்வர் திருடன் கையில இருந்துட்டு வந்திருக்குது. அதை இனிமே யாரும் நம்ப முடியாது. நம்பிக்கைப் பட்டியல்லேர்ந்து இப்போ எடுக்கப்போறேன். அது போட்ட முத்திரை இந்த நிமிஷத்துலேர்ந்து ஒண்ணும் செல்லாது.”

“ஐயையோ! வித்த புடவையெல்லாம் என்னாவறது?” என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “கடைக்காரன் நம்மள சும்மா விடுவானா? ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கொண்டு வரட்டும். நெசமான கைத்தறின்னா நானே பாத்து புது முத்திரை போட்டுத் தரேன். எத்தினி மாசம் ஆனாலும் சரி.”

“வேணாம்மா” என்றார் பின்னால் ஓடிவந்த குமாரவேல். “என் பொண்ணு கல்யாணப் புடவைல கூட பழைய முத்திரைதான் இருக்குது.”

“அதையும் எடுத்துக்கினு வாங்க மாமா. அதான் முதல் புடவை” என்று சொல்லிவிட்டு, கூடமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்க, நஸ்னீன் பழைய சர்வரின் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்தாள்.