ஷட்டர் ரப்பரும் மூன்றாவது ஆளும்

உலகம்மாள் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, மறுபடி படுத்துக்கொள்வது. ஆறு மணிக்கு எழுந்து முகம் துடைத்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, எட்டு மணிவரை கட்டிலில் மல்லாந்து கிடப்பாள். பக்கத்துக் கட்டிலில் அவள் புருஷன் மாசானமும் கிடப்பார். எட்டு மணிக்குத்தான் அன்றைய காற்றுப்பங்கு குழாயில் வரும். அதுவரைக்கும் நேற்றைய மிச்சத்தில் ஓட்ட வேண்டும். நின்றால் கூடுதல் மூச்சு, நடந்தால் அதைவிடக் கூடுதல், பேசினால் சுத்த வீண். செவ்வாய்க் கிரகத்தில் செம்மேடு குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படி அரைமணி நேரம் கிடப்பார்கள். பூமியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஜனம்தானே, பழகிவிட்டது. ஆனால் மாசானம் வீட்டில் அந்த அரைமணி, ஏழு மாதத்தில் இரண்டு மணி நேரமாக நீண்டுபோயிருந்தது. உலகம்மாளுக்கு ஏற்கெனவே இளைப்பு. ஏழு மணிக்கெல்லாம் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடப்பது மாசானத்துக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

காற்று எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டை ஒட்டி வண்டிக் கொட்டகை. வடக்குப் பள்ளத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் அவருடைய வண்டி அதில்தான் நிற்கிறது. குழாய்க் காற்றைச் சேர்த்துவைக்கும் காற்றுப்பெட்டியும் அங்கேதான் இருக்கிறது என்பதால் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் உள்ள கதவை வெகுநேரம் அடைத்துவைக்க முடியாது. கொட்டகையின் வெளிவாசலுக்கு ஷட்டர். ஷட்டரின் அடியில், தரையோடு அழுந்தி உட்காருவதற்கு ஒரு பட்டை ரப்பர். செவ்வாயின் புழுதி அரைத்து அரைத்து அந்த ரப்பர் எலி கடித்த தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவினால் போதும், எறும்புச்சாரை போல மாவு ஷட்டருக்கு அடியில் ஓடி மறையும். கூடவே வீட்டுக் காற்றும் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். மாசானம் மூன்றாம் வகுப்போடு நின்றவர்தான்.

கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடைத்துப் பார்த்தார். பழைய புடவையைத் திணித்தால் அது குளிரில் அப்பளமாகி நொறுங்கியது. மெழுகை உருக்கி ஊற்றினார், வெடித்துவிட்டது. புது ரப்பர்தான் போட வேண்டும். அதைக் காற்று அலுவலகம் மட்டும்தான் தரும். அவர்களோ, முகர்வி சொன்னால்தான் தருவார்கள்.

முகர்வி என்பது ஆட்டுக்குட்டி உயரத்தில் ஆறு கால்களோடு நடக்கிற இயந்திரம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கால் காற்று கசிகிற இடத்தை மோந்து கண்டுபிடிக்கும். நான்கு வருஷத்துக்கு முன் பூமியிலிருந்து வந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. மாசானம் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து ஷட்டரை மோந்து, இரண்டு தடவையும் ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போனது. கசிவு இல்லையாம். நன்றியாம்.

போனது சும்மா போகவில்லை. கணக்குப் போட்டது. இரண்டு பேருக்கு அனுப்பிய காற்று போதவில்லை, கசிவும் கிடையாது, ஆகவே இந்த வீட்டில் பதிவு செய்யாத மூன்றாவது ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டது. மறுநாளே நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமைக்குள் மூன்றாவது ஆளை ஒப்படைக்க வேண்டும். தவறினால் நோயாளியான உலகம்மாளைக் கீழ்ச்சுரங்கத்துப் பொதுப்படுக்கைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஒரே அறையில் பதினெட்டுப் பேர் ஆளுக்கொரு குழாயைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். போனவர் யாரும் எழுந்து நடந்து வந்ததாகப் பேச்சில்லை.

நோட்டீஸைக் கேட்டு உலகம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

"முப்பத்தஞ்சு வருசமா எந்தச் சாமியும் குடுக்காத பிள்ளையை ஆபீஸ்காரன் குடுத்துட்டான். பேரு என்ன வைக்கலாம்?" என்றாள்.

மாசானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் மூச்சுவிட உதவும் காப்புடையை மாட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார். காற்று அலுவலர் வானமாமலை மரியாதை தெரிந்தவர்தான், உட்காரச் சொன்னார். நான்கு வருஷமாகச் செம்மேட்டில் ஒரு கசிவுகூட இல்லை என்று பூமிக்கு அறிக்கை போயிருக்கிறது, குடியிருப்புக்குக் கேடயம் வந்திருக்கிறது என்று சுவரைக் காட்டினார். மாசானம் மாவு ஓடுகிற கதையைச் சொன்னார். அவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

"அண்ணாச்சி, மாவுக்கு என்ன தெரியும்? மிஷினு பொய் சொல்லாது."

"மிஷினு சொல்லாது தம்பி. அதை வச்சிருக்கவன் சொல்லுவான்லா."

முகம் சுண்டிப்போனாலும், கடைசி முறையாக முகர்வியைக் கூட்டிக்கொண்டு தானே வருவதாக வானமாமலை ஒப்புக்கொண்டார். அன்று சனிக்கிழமை.

ஞாயிறு காலையில் இரண்டு பேரும், அதாவது அலுவலரும் ஆறு காலும், கொட்டகைக்குள் வந்தார்கள். முகர்வி ஷட்டரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூக்கை ஆட்டிக்கொண்டு நடந்தது. மாசானம் மாவைத் தூவினார். மாவு அதன் மூக்குக்குக் கீழேயே ஓடியது.

"கசிவு இல்லை. நன்றி" என்றது முகர்வி.

உள்ளே உலகம்மாளின் நெஞ்சுச் சத்தம் கொட்டகைவரை கேட்டது. மாசானம் அதற்குமேல் பொறுக்கவில்லை. மாலையோடு சேர்த்து அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மூக்கை ரப்பரின் ஓட்டையிலேயே வைத்து அழுத்தினார். வானமாமலை பதறி அவர் கையைப் பிடித்தார். முகர்வி மட்டும் பதறவில்லை. கசிவு இல்லை என்று மறுபடி சொல்லி, மறுபடி நன்றி சொன்னது.

அப்போதுதான் மாசானம் அதைக் கிட்டத்தில் பார்த்தார். மூக்கின் நுனியில் ஏதோ பளபளத்தது. நகத்தால் சுரண்டினார். கண்ணாடி மாதிரி ஒரு மேலுறை. பூமியில் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பியது. 'பயன்படுத்துமுன் உரிக்கவும்' என்று அதிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன்மேலும் குங்குமம் வைத்திருந்தார்கள். மூக்கில் சாக்கைக் கட்டிவிட்டுச் சோற்று வாசனை வருகிறதா என்று நாலு வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள்.

மாசானம் ஒரு ஓரத்தைப் பிடித்துச் சரக்கென்று உரித்தார்.

முகர்விக்கு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது. "கசிவு" என்றது. "கடுமையான கசிவு." பிறகு சுற்றிலும் மூக்கைத் திருப்பி, எதிர் வீட்டில் கசிவு, மூலை வீட்டில் கசிவு, பள்ளிக்கூடத்தில் கசிவு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் காற்று அலுவலகத்தையும் சேர்த்துப் பதினேழு இடம் சொன்னது.

வானமாமலை அதையெல்லாம் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மாசானத்தின் கையில் சுருண்டு கிடந்த மேலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"நாலு வருசமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தோம் அண்ணாச்சி. இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார்.

மாசானம் வாய்க்கு வந்தபடி பேசினார். மனுஷி மூச்சுக்குத் துடிக்கிறாள், ஒனக்கு மிஷினு மினுமினுப்புதான் பெரிசா என்று கேட்டார். பூமியிலிருந்து ஒரு சாமான் வந்துசேர எட்டு மாதம் ஆகும் என்றும், போனால் கிடைக்காது என்றும் வானமாமலை ஏதோ முனகினார். தேறாத கேஸு, போய் ரப்பரை அனுப்பு என்று மாசானம் அவரை விரட்டிவிட்டார்.

மூன்றாவது ஆள் இல்லை என்று நோட்டீஸை ரத்து செய்தார்கள். திங்கட்கிழமை காலையில், பொதுப்படுக்கைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பதிலாகப் புது ரப்பர் வந்தது. வேலையைச் சரிபார்க்க முகர்வியும் கூட வந்தது.

மாசானம் நடுக்கதவை அடைத்துக் காப்புடை மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கினார். பழைய ரப்பர் கை வைத்ததும் முறுக்குப் போல உதிர்ந்தது. ஷட்டரின் அடியில் ரப்பர் உட்காரும் காடியில் படிந்திருந்த சிவப்புப் புழுதியைக் கம்பியால் சுரண்டி எடுத்தார். குளிரில் சுருங்கும் என்று இரண்டு விரற்கடை கூட்டியே வெட்டி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ரப்பரைக் காடிக்குள் தள்ளிக்கொண்டு போனார். நல்ல ரப்பர். கன்னங்கரேல் என்று, தரையில் பதியும் பக்கம் மட்டும் மஞ்சள் மேலுறை ஒட்டி, பார்க்கவே பளபளவென்று இருந்தது. ஷட்டரை இறக்கி, காற்றைத் திறந்துவிட்டு, காப்புடையைக் கழற்றினார்.

"கசிவு" என்றது முகர்வி. "மேலுறையை உரிக்கவும்."

மாசானம் குனிந்து பார்த்தார். மஞ்சள் மேலுறையின் வால் ஒரு முழம் ஷட்டருக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவர் கை போகவில்லை. ஆபீஸ்காரன் எதற்கு உரிக்கச் சொல்கிறான்? உரித்தால் புழுதி ஒட்டும். ஒட்டினால் ரப்பர் தேயும். தேய்ந்தால் மறுபடி இவன்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். தேயட்டும் என்றுதானே உரிக்கச் சொல்கிறான். இந்தச் சூது தெரியாதா நமக்கு? பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிற வண்டியில் சீட்டு மேலுறையை அவர் இன்றுவரை கழற்றினதில்லை. வேர்த்து வழிந்தாலும் சீட்டு புதுசாக இருக்கிறதா இல்லையா?

முகர்வி மறுபடியும் கசிவு என்றது.

"மிஷினு கெட்டுப்போச்சு. அன்னைக்கு அந்த உறையை உரிச்சதிலேருந்து கண்டபடி பேசுது" என்றார்.

நடுக்கதவைத் திறந்துகொண்டு உலகம்மாள் வந்தாள். சுவரைப் பிடித்து இரண்டு எட்டு, நின்று மூச்சு வாங்கி இன்னும் இரண்டு எட்டு. முகர்வியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மஞ்சள் வாலைப் பார்த்தாள்.

"அதை உரிச்சாத்தான் என்னவாம்?"

"நாலு மாசம் போகட்டும்ட்டி. புதுச் சாமான்லா."

உலகம்மாள் மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தாள். வாலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஷட்டரோடு சேர்ந்தாற்போலவே நகர்ந்து நகர்ந்து இழுத்தாள். புதுத் துணியைக் கிழிக்கிற சத்தத்தோடு மேலுறை முழுசும் வந்துவிட்டது. ஷட்டர் தரையில் பொத்தென்று அழுந்தியது. முகர்வி மூக்கை மடக்கிக்கொண்டு வெளிவழியைத் தேடிப் போய்விட்டது.

மாசானம் ஆரம்பித்தார். புத்தம்புதுச் சாமானை ஒரு நாள்கூட வைத்துப் பார்க்க விடமாட்டாயா, உனக்கெல்லாம் ஒரு பொருளின் அருமை தெரியுமா, எட்டு மாதம் கடந்து வந்த ரப்பரடி இது என்று கொட்டகையில் தொடங்கி வீட்டுக்குள் வந்தும் நிறுத்தவில்லை. உலகம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டே சமைத்தாள், உட்காரவில்லை. நடுப்பகல் தாண்டி, சாயங்காலம்வரை அவர் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டே இருந்தார். அத்தனை நேரம் ஒரு மனுஷன் கத்துவதற்கு வேண்டிய காற்று, ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் இருந்தது.