மழையில் நனையாத ஜெனரேட்டர்

தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தபோது மணி மதியம் ஒன்று இருபது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு முதலில் உள்ளே ஓடியவர் நர்ஸின் தம்பி. அவருக்குப் பின்னால், மூச்சு வாங்க, பக்கத்து வீட்டு வயலின் டீச்சர்.

கட்டிலில் நர்ஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இரவு டூட்டி முடித்து வந்தவர் எப்படித் தூங்குவாரோ அப்படியே. முகத்தில் வேதனை இல்லை. உதடும் கன்னமும் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தன. டீச்சர் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"அக்கா! அக்கா!" என்று தம்பி தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு கட்டிலருகே இருந்த சின்ன மேஜையைக் காட்டினார். "டீச்சர், இங்க பாருங்க."

தூக்க மாத்திரை அட்டை. பத்துக் குழியும் காலி.

இரண்டு ஐந்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. யார் என்ன சொன்னாலும் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதால், ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வாசலில் நின்றபடியே அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. வெளிச்சம் வராமலிருக்கக் கறுப்புத் திரை. கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. போட்டிருந்த தாழ்ப்பாள்தான், சந்தேகமில்லை. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் யாரும் நிறுத்தாமல் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே அவருடைய அறை. மாடியில் அக்காவும் அக்காவின் மகளும்.

"அக்கா எப்ப வந்தாங்க?"

"எட்டரைக்கு மேடம். ஒன்பதரைக்குப் படுத்துட்டாங்க."

"கரண்ட்?"

"பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் இல்ல. பராமரிப்பு வேலைன்னு நேத்தே சொல்லிட்டாங்க. மாடிக்கு இன்வெர்ட்டர் இருக்கு. லைட்டு, ஃபேனுக்கெல்லாம் அது போதும். கடையில மூணு ஃப்ரீசர். அதுக்கு ஜெனரேட்டர் போட்டேன்."

"ஜெனரேட்டர் எங்க இருந்தது?"

"கொல்லையில. எப்பவும் அங்கதான்."

"கதவை ஏன் உடைச்சீங்க?"

"ஒரு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. சரி, சாப்பிடக் கூப்பிடலாம்னு போனேன். தட்டினேன், தட்டினேன், பதிலே இல்ல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தான் விட்டுட்டுப் போனதுலேருந்தே அக்கா மனசு ஒடைஞ்சுதான் கிடந்தாங்க மேடம். இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கல."

எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டின. உள்ளே தாழிட்ட கதவு, காலி மாத்திரை அட்டை, கணவன் கைவிட்ட பெண். கான்ஸ்டபிள் நோட்டில் 'தற்கொலை' என்றே எழுதத் தொடங்கியிருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் பேனாவைப் பார்த்தார். அது பாதியில் நின்றது.

இரண்டு நாற்பதுக்கு வந்த டாக்டர் உடலைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்தார்.

"தூக்க மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இந்த நிறம் வராது. பாருங்க, ரோஜாப் பூ மாதிரி. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்றதா இல்ல."

"உங்க சந்தேகம் என்ன?"

"புகை." டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஆனா இங்க அடுப்புகூட இல்லையே?"

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த செய்தித்தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தார். உடைந்த கதவை மூடச் சொல்லி, குனிந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் அந்தத் தாளைத் தொங்கவிட்டார். தாள் உள்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. குளியலறை ஃபேனை நிறுத்தச் சொன்னார். தாள் அடங்கித் தொங்கியது.

"ஃபேன் உள்ள இருக்குற காத்தை வெளிய தள்ளுது. ஜன்னல் சாத்தியிருக்கு. அப்ப புதுக் காத்து எங்கேருந்து வரும்? மாடிப்படிப் பக்கம் இருந்துதான். தாழ்ப்பாள் ஆளைத்தான் தடுக்கும், காத்தைத் தடுக்காது."

கீழே இறங்கினார். படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு குறுகிய நடை. ஒருபக்கம் கடைக்குப் போகும் கதவு, மறுபக்கம் கொல்லைக் கதவு. படிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பொந்து. அங்கே சுண்ணாம்புச் சுவரில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு கரி. விரலால் தொட்டார். விரலில் ஒட்டியது.

கொல்லையில் வெயில் சுள்ளென்று அடித்தது. சிமெண்ட் தரை காய்ந்து, பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே கூரை எதுவுமில்லை. நடுவில் சக்கரம் வைத்த ஜெனரேட்டர், நீல பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி நின்றது. ஷீட்டை விலக்கினார். பெட்ரோல் டேங்கின் மேல் பல நாள் தூசி, மாவு தூவியது போல ஒரே சீராக.

"மழை எத்தனை மணிக்கு?" என்றார்.

கான்ஸ்டபிள் யோசித்தார். "பதினொண்ணே காலுக்குப் பிடிச்சது மேடம். பன்னிரண்டேகால் வரைக்கும் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு."

தம்பியைக் கொல்லைக்கு அழைத்தார்.

"மழையிலயும் இது இங்கதான் ஓடிச்சா?"

"ஆமா மேடம்."

"நனையலையே?"

அவர் ஒரு நொடி தயங்கினார். "ஷீட் போட்டிருந்தேன்ல."

"இதே ஷீட்டா?"

"இதேதான்."

இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஷீட்டை மடித்துக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். "பத்திரமா வைங்க."

மூன்று பத்துக்கு வயலின் டீச்சர் வீடு. கொல்லைச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. டீச்சர் முகம் வீங்கியிருந்தது.

"ஜெனரேட்டர் சத்தத்துல உங்களுக்குத் தொந்தரவு உண்டா?"

"சண்டையே போட்டிருக்கேங்க. அது ஓடினா பாடம் நடத்த முடியாது. ஸ்வரம் எது, இரைச்சல் எதுன்னே தெரியாது. கரண்ட் போற அன்னைக்குப் பிள்ளைங்களை வர வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குச் சொல்ல மறந்துட்டேன். பத்து மணி மாணவி வந்து, உட்கார்ந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா. பதினொண்ணே கால் இருக்கும், சத்தம் திடீர்னு கம்மியாச்சு. சரி, மழைக்கு நிறுத்திட்டார்னு நினைச்சேன். அடுத்த பொண்ணு வந்தா, நிம்மதியா வாசிச்சோம்."

"எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு நாற்பது வரைக்கும். மறுபடி காதைப் பிளக்க ஆரம்பிச்சுது, பாடத்தை நிறுத்திட்டேன். மணி பார்த்தேன், அதனாலதான் நல்லா ஞாபகம் இருக்கு."

"அவர் உங்களைக் கூப்பிட்டது?"

"ஒண்ணே காலுக்கு மேல. 'கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க, வாங்க வாங்க'ன்னு கத்தினார்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் மூன்று நேரங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். பதினொன்றே கால். பன்னிரண்டு நாற்பது. ஒன்றே கால். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குச் சற்று முன்பு மகள் வந்தாள். பதினாறு வயது. செய்தியைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அழவில்லை. புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"அம்மா வேணும்னே பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. நிஜமா மேடம்?"

"யார் சொன்னா?"

"மாமா. ஃபோன்ல."

இன்ஸ்பெக்டர் அவளை உட்காரவைத்து, மாத்திரை அட்டை கிடந்ததைச் சொன்னார். பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓரத்துல பச்சை மையில கிறுக்கியிருக்குமே, அந்த அட்டையா? அது காலியாகி வருஷக்கணக்காச்சு. அம்மா படிக்கிற புக்குல அடையாளத்துக்கு வைப்பாங்க. தூக்கிப் போடுன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அட்டையின் ஓரத்தில் பச்சை மைக் கிறுக்கல் இருந்தது. தலையணைக்கு அருகில் ஒரு நாவல், பக்க அடையாளம் ஏதுமின்றி மூடிக் கிடந்தது.

"சரிம்மா. நைட் டூட்டி முடிச்சு வந்தா அம்மா எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?"

"நாலு மணிக்கு. நான் வந்துதான் எழுப்பணும். அதுக்கு முன்னாடி யாராவது கதவைத் தட்டினா அவ்வளவுதான், வீடு ரெண்டாயிடும்."

"மாமா சாப்பிடக் கூப்பிட மாட்டாரா?"

"மாமாவா? ஒருநாளும் கூப்பிட மாட்டார். அம்மா தூங்கினா கடையில ரேடியோவைக்கூட நிறுத்திடுவார். அவருக்கு அம்மான்னா பயம்."

ஐந்து ஐம்பதுக்கு டாக்டரிடமிருந்து ஃபோன். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு. மாத்திரையின் சுவடே இல்லை.

கடையின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே தம்பி ஃப்ரீசர் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். டீச்சரும் மகளும் நடையில் நின்றார்கள். பெண்ணை வெளியே அனுப்பலாமா என்று இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு, நாளைக்கு ஊரார் வாயால் கேட்பதைவிட இன்றைக்கே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"உங்க அக்கா மாத்திரை சாப்பிடல. ஜெனரேட்டர் புகையில செத்துப் போனாங்க."

"ஜெனரேட்டர் கொல்லையில..."

"மழை கொட்டின ஒரு மணி நேரம் அது கொல்லையில இல்ல. இருந்திருந்தா டேங்க் மேல தூசி அப்படியே இருக்காது. ஷீட் போட்டேன்னீங்க. ஓடுற ஜெனரேட்டர் மேல ஷீட் போட்டா, சைலன்சர் சூட்டுல அது உருகி ஒட்டிக்கும். உங்க ஷீட்டுல ஒரு பொசுங்கல்கூட இல்ல. மழை வந்ததும் படிக்கடியில தள்ளிட்டுப் போயிட்டீங்க. சாரல் அடிக்குதுன்னு கொல்லைக் கதவையும் சாத்தினீங்க. கடைப் பக்கக் கதவும் மூடியிருந்ததால, மேல ஃபேன் இழுக்க, புகை வேற வழியில்லாம மாடி ஏறிச்சு. அந்தப் பொந்துச் சுவத்துல கரி இருக்கு. உள்ள தள்ளினதாலதான் பக்கத்து வீட்டுல சத்தம் குறைஞ்சுது."

தம்பி ஃப்ரீசர் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் அஜாக்கிரதைன்னு வெச்சுக்கலாம். ஆனா பன்னிரண்டு நாற்பதுக்கு அதை மறுபடி வெளிய இழுத்துட்டு வந்தீங்க. ஏன்?"

"மழை விட்டுருச்சு."

"மழை பன்னிரண்டேகாலுக்கே விட்டுருச்சு."

ஃப்ரீசர் மோட்டார் ஒருமுறை உறுமி நின்றது.

"நான் முதல்ல கவனிக்காம விட்டது ஒண்ணு இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டுத் தூங்குறவங்க மத்தியானம் கதவைத் திறக்கலைன்னா, எந்த வீட்லயும் கடப்பாரையைத் தேட மாட்டாங்க. தூங்கட்டும்னு விட்டுடுவாங்க. நாலு மணிக்கு முன்னாடி இந்த வீட்டுல யாரும் அவங்களை எழுப்பினதே இல்ல. இன்னைக்கு நீங்க கதவையே உடைச்சீங்க. உள்ள என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்பலேருந்து தெரியும்?"

அவருடைய தோள்கள் குலுங்கின.

"அட்டைப் பெட்டி எடுக்க நடைக்குப் போனேன். தலை கிர்ருன்னு சுத்துச்சு. அப்பத்தான் அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு குடும்பமே வந்துச்சாம், இதே மாதிரி. 'மழை வந்தா நிறுத்திடுடா, ஃப்ரீசரைத் திறக்காம வெச்சா நாலு மணி நேரம் தாங்கும்'னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. வெயில் காலம், ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, திறந்து திறந்து மூடினா உருகிடும்னு..."

"அப்புறம்?"

"ஜெனரேட்டரை வெளிய தள்ளினேன். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். மேல போய்த் தட்டினேன்."

"எப்படித் தட்டினீங்க?"

அவர் விரல் மடித்துக் காட்டினார். குழந்தை தூங்கும் அறையைத் தட்டுவது போல.

"பதில் இல்ல. உடைச்சா, என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. தூங்கிட்டுத்தான் இருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கீழ வந்து உக்காந்தேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். கரண்ட் வந்துச்சு. அதுக்கு மேல தாங்க முடியல."

"நாற்பது நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உள்ள போனதும் புக்குலேருந்து அட்டையை எடுத்து மேஜையில வெச்சீங்க."

"புக்கு தலையணைகிட்ட கிடந்துச்சு. அட்டை அதுலேருந்து நீட்டிக்கிட்டிருந்துச்சு. டீச்சர் உள்ள வர்றதுக்குள்ள கைக்கு வந்துச்சு, எடுத்து வெச்சுட்டேன். ஏன் செஞ்சேன்னே தெரியல மேடம்."

"தெரியும்," என்றாள் மகள். அப்போதுதான் அவள் பேசினாள். "அம்மாமேல போட்டுட்டா உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. நான் காலம் பூரா அம்மா என்னை வேணாம்னு போயிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருப்பேன். அது உங்களுக்குப் பரவாயில்ல."

மாமா அவளைப் பார்க்கத் தலை தூக்க முயன்றார். முடியவில்லை.

ஆறரைக்கு ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. டீச்சர் அந்தப் பெண்ணின் மாற்றுத்துணியை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டார். "நம்ம வீட்டுலதான் இருக்கப்போற. கேள்வியே கிடையாது," என்றார்.

பெண் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"உடனே உடைச்சிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

ஆறுதலாக ஒரு பதில் இன்ஸ்பெக்டரின் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினார்.

"தெரியலம்மா. டாக்டருக்கும் தெரியல. பொழைச்சிருக்கலாம்."

அவள் தலையாட்டினாள். "எனக்கு ஒண்ணு செய்வீங்களா? அம்மாவோட வார்டுல எல்லாரும் அம்மா மாத்திரை சாப்பிட்டாங்கன்னு பேசிட்டிருப்பாங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பாவம் பார்த்துத் தலையாட்டுவாங்க."

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, தலைமை நர்ஸை வரச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றது அந்தக் குரல் கடைசியில். "நான் நம்பவே இல்ல. காலையில கிளம்பும்போது என் மேஜையில கையை ஊன்றிக்கிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டா. வெள்ளிக்கிழமை டூட்டியை மாத்திக் கொடுத்தே ஆகணும்னு. பொண்ணு ஸ்கூல்ல மேடையேறிப் பேசப்போறாளாம், முதல் வரிசையில உக்காரணுமாம். முடியாதுன்னேன். விடல. வாங்கிட்டுத்தான் போனா."

மகள் ஃபோனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நான்தான். அம்மா என்ன சொன்னாங்க? முதல்லேருந்து சொல்லுங்க."