அடைக்கோழியின் கூடை

பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒருமுறை கூடையை விட்டு இறங்கி, மடமடவென்று கேப்பையைக் கொத்திவிட்டு, கொல்லையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதற்குள் யாரோ முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல் அவசரமாகத் திரும்பி ஓடும் சிவப்புக் கோழி, அன்று இறங்கவே இல்லை.

அன்புச்செல்வி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கினால் அடைக்கோழிக்குப் பசி மறந்துவிடும். ஆனால் சமையலறை மூலையிலிருந்து வந்த வாடை புதிது. தவிடும் இறகும் கலந்த வழக்கமான வாடை இல்லை; புளித்துப்போய்த் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தாள். இடிக்கு முட்டை கெடாமலிருக்க அவள் கூடைக்குள் போட்டிருந்த இரும்பு ஆணி மேலும் கரித்துண்டு மேலும் பச்சையும் வெள்ளையுமாகக் கழிசல் வழிந்திருந்தது. வெளிச்சம் பட்டும் கோழி அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை முறுக்கிக்கொண்டு, அலகை மேலே தூக்கி, மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்மா, அது மேல இன்னாத்த பாக்குது?" என்றாள் பின்னால் நின்ற மகள் இளவரசி. ஆறு வயது.

இரண்டு வாரத்துக்கு முன் கால்நடை ஆய்வாளர் ஜெசிந்தா தெருத்தெருவாக வந்து கோழிகளுக்கு ஊசி போட்டபோது, இந்த ஒன்றை மட்டும் அன்புச்செல்விதான் மறைத்தாள். அடையில் இருக்கும் கோழி மேல் அசலார் கை பட்டால் முட்டை மொத்தமும் கெட்டுப்போகும் என்று தெருவே நம்புகிறது. கட்டிலுக்குப் பின்னால் மகளை உட்காரவைத்து, மடியில் கூடையைக் கொடுத்து, "யாரையும் கைய வைக்க வுடாத. கூமுட்ட ஆயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக அன்று சிரிப்புகூட வந்தது. அதிலிருந்து பிள்ளைக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தக் கூடைக்குப் பக்கத்தில்தான்.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள்.

"எரை எடுக்குதாங்க?"

"இல்லீங்க மேடம்."

"கண்ணு சொருகிக்கினு தண்ணிய மட்டும் குடிக்குதா? கழுத்து திருகிக்கிச்சா?"

"ஆமாங்க. எல்லாமே இருக்குதுங்க."

மறுமுனையில் பெருமூச்சு. "கோழிச்சீக்குதாங்க. இதுக்கு மேல மருந்து இல்ல. செத்ததும் சுண்ணாம்பு போட்டு ஆழமா பொதைச்சிடுங்க. முட்டையையும் சேத்துப் பொதைங்க. பாப்பாவ தொட வுடாதீங்க."

போனை வைக்கும்போதே கோழி செத்திருந்தது. தூறலில் நனைந்தபடி முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தாள். முட்டைகளையும் எடுத்து வந்திருந்தாள். ஒன்றைக் காதில் வைத்தாள். உள்ளே கீச்கீச்சென்று சத்தம், ஓட்டைத் தட்டும் சத்தம். உயிரோடு இருப்பவற்றின் மேல் மண்ணைத் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. திரும்பக் கூடையிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

மழை வலுத்தது. கரண்ட் போனது. கூட்டேரிப்பட்டில் பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் புருஷன் பூவரசனை வாசலில் நின்று போனில் கூப்பிட்டாள்.

"இங்க கொட்டுது. ஒரு பஸ்ஸும் இல்ல. வுட்டதும் ஜல்தி வந்துட்றேன். நீ பயந்துக்கினு இருக்காத."

உள்ளே வந்தபோது இளவரசி பாயில் சுருண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. மூன்றாவது சொம்பு காலியாகும்போது அவள் கண் சொருகியது. நெற்றியில் சூடு இல்லை. ஜெசிந்தா கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக அன்புச்செல்விக்கு ஞாபகம் வந்தன. கடைசிக் கேள்வியை மட்டும் அவள் நினைக்கப் பயந்தாள்.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

கொர்ர்... கொர்ர்...

அடைக்கோழி முட்டைகளோடு பேசுகிற சத்தம். சமையலறைக்குப் போனாள். யாரும் இல்லை. கூடைக்குள் கை விட்டாள். இந்த ஈரக்காற்றில் எப்போதோ குளிர்ந்து போயிருக்க வேண்டிய முட்டைகள், இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல் கதகதப்பாக இருந்தன.

கொல்லைக்கு ஓடினாள். குழி மேல் மழைத்தண்ணீர் நின்றது. மண் கலையவில்லை. ஊசி போட்ட கோழிகள் கூண்டுக்குள் சத்தமில்லாமல் ஒண்டியிருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தாள். பாயில் இளவரசி இல்லை.

பாயில் ஈரம். பச்சையும் வெள்ளையுமாக.

கொர்ர்...

சமையலறை. மூலை. டார்ச்.

கூடைக்குள் இளவரசி குந்தியிருந்தாள். பாவாடையை அகல விரித்து. உதட்டோரம் தவிடு. கழுத்து... ஐயோ, கழுத்து முறுக்கி, முகம் மேற்கூரையைப் பார்த்து.

"கண்ணு..." கையை நீட்டினாள்.

"கைய வைக்காதம்மா," என்றாள் மகள், திரும்பாமல். "கூமுட்ட ஆயிடும்."

பாவாடைக்கு அடியில் ஓடுகள் உடைந்தன. விளிம்பில் ஈரமான சின்னத் தலை ஒன்று. இன்னொன்று. எல்லாமே. ஒன்றுகூட வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கழுத்தும் மேலே திரும்பியிருந்தது.

மேலே பார்க்கக் கூடாது என்று அன்புச்செல்வி நினைத்தாள். கழுத்து அவள் பேச்சைக் கேட்கவில்லை.