இன்னுமா துடைச்சு முடியல?

நாக்கு நுனியில் பஞ்சுக்குச்சியை வைத்திருந்த நேரம் பார்த்துத்தானா அந்தக் குரல் கேட்க வேண்டும்!

"என்னங்க இது… எச்சிலா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வாயில் ஒரு குச்சி, கையில் ஒரு குச்சி. எதிரே மழையில் பாதி நனைந்த ஒருவன்… சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிற அளவு டேப். கையில் ஒழுகும் குடை. கண்கள்… அந்தக் கண்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அப்போதைக்கு அவற்றில் கோபம்தான் இருந்தது.

"குடையை வெளில வெச்சுட்டு வாங்க சார். தரையெல்லாம் தண்ணி."

"நான் கொட்டறது தண்ணி. நீங்க பூசறது எச்சில். எதுங்க மோசம்?"

கையும் களவுமாகப் பிடிபட்டதில் அவளுக்குக் காது வரை சூடேறியது. அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. சிலவகை அழுக்குக்கு எச்சிலை விட நல்ல மருந்து கிடையாது. அழுக்கை எடுக்கும், கல்லை உறுத்தாது. இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் பார்வையாளர் வராத காலை நேரமாகப் பார்த்துத்தான் அவள் அதைச் செய்வாள். காரணம், இதோ… இந்த மாதிரி ஆட்கள்.

"இது ஒரு முறைங்க. ஒரு குச்சியை ஒரு தடவைதான் வாயில வைப்பேன். துடைச்சது குப்பைக்குப் போயிடும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் முன்னால் இருந்த சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் உயரம், மடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கல் பெண். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள் போன்ற முகம்.

"அப்ப… இன்னுமா துடைச்சு முடியல?"

"இன்னிக்குத்தானே ஆரம்பிச்சேன்!"

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சுங்க!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பக்கத்து நாற்காலியில் அனுமதி கேட்காமலே உட்கார்ந்தான். கோபம் வடிந்து களைப்பாகத் தெரிந்தான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நில அளவை வேலையாம். அந்த ஊர் ஊற்றுக்குப் பக்கத்தில், பாறையில், இந்தப் பெண் உட்கார்ந்திருந்தாளாம். ஊர்க்காரர்கள் அவளை ஊத்துக்காரி என்றுதான் சொல்வார்களாம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது.

"'ரொம்ப அழுக்கா இருக்கு, துடைச்சுட்டுக் கொண்டுவந்து தர்றோம்'னு சொல்லித் தூக்கிட்டுப் போனாங்க. ரசீது கேக்கணும்னு யாருக்கும் தோணல. எங்க அப்பாதான் வண்டியில ஏத்தி விட்டாராம். இன்னும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு."

"சார்… நீங்க வேற சிலையைச் சொல்றீங்க. இது ஆத்தங்கரைல கிடைச்சது." பக்கத்தில் திறந்திருந்த கண்ணாடிப் பெட்டியின் பெயர் அட்டையைக் காட்டினாள். "பதிவேட்டிலயும் அப்படித்தான் இருக்கு. அந்தப் பதிவேட்டில தப்பே வராது."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்காதா பின்னே? அதை எழுதியது அவள் அம்மா.

அவன் வாதம் பண்ணவில்லை. ஒரு தாளை நீட்டினான். ஊற்றுப் பாறையில் சிலை உட்கார்ந்திருந்த குழியின் வரைபடம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் பென்சிலில். ஒரு மூலையில் மட்டும் பாறை வெட்டப்படாமல் முண்டாக நின்றது.

"இவ அடிப்பக்கத்தை அளந்து பாருங்க. பொருந்தலைன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அதெல்லாம் முடியாதுங்க."

"முடியாதா, இஷ்டமில்லையா?"

சரி, இப்போது அந்தக் கண்களைப் பற்றிச் சொல்லிவிடலாம். சிரிக்காத முகத்தில் சிரிக்கிற கண்கள்… மழை நின்ற பிறகும் இலையில் தங்கிய ஈரம் மாதிரி ஒரு பளபளப்பு. இரண்டு நொடிக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

அவன் போய்விட்டான். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டான். தாளின் மூலையில் தொலைபேசி எண் இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மத்தியானம் வரை தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை. குறுகுறுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது பல்லில் சிக்கிய நார். காவலரைத் துணைக்குக் கூப்பிட்டுச் சிலையை மரப்பீடத்திலிருந்து மெல்லத் தூக்கி, மெத்தையில் சாய்த்தாள். அளந்தாள். இரண்டு பக்கமும் குழியை விட ஒரு விரல் குறைவு. இறக்கி வைக்க அந்த அளவு இடம் வேண்டும்தான்.

தாளின் மூலையில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

"சர்வேயர் சாரா? அந்த முண்டு… எந்த மூலைல?"

"அவ ஊத்தைப் பார்த்து உட்காந்தா, இடது கைப் பக்கம், பின்னால."

குனிந்து பார்த்தாள். இடது கைப் பக்கம், பின்னால்… கல்லின் மூலை சரியாகச் செதுக்கி எடுக்கப்பட்டிருந்தது. எத்தனை நூறு வருடத்துக்கு முன்னாலோ ஒரு மனிதர் அந்தப் பாறையோடு மல்லுக்கட்டி, அது அசையாது என்று தெரிந்ததும் சிலையையே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்திருக்கிறார். யாரவர்? எரிச்சலில் என்ன முணுமுணுத்திருப்பார்? அவளுக்குப் புல்லரித்தது.

"என்னங்க… லைன்ல இருக்கீங்களா?"

"உங்க மூலை இங்க இருக்கு சார்," என்றாள் அவள்.

அடுத்த வாரம் வந்தான். குடையை எடுத்துக்கொள்ள வந்ததாகச் சொன்னான், எடுத்துக்கொள்ளாமலே போனான். அதற்கடுத்த வாரமும் வந்தான். அவள் குச்சியில் பஞ்சு சுற்றுவதை இமைக்காமல் பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணு சுத்தக் குடுங்களேன்."

"எச்சில் தொடணும். பரவாயில்லையா?"

"உங்களுதுன்னா யோசிக்கலாம்…"

"வெளிய போங்க!" என்றாள். போகவில்லை. அவளும் மறுபடி போகச் சொல்லவில்லை.

காப்பாட்சியர் மட்டும் அசையவில்லை. அந்த அருங்காட்சியகத்துக்கே தலைவர் அவர். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை மட்டுமே நம்புகிற மனிதர்.

"செருப்பு காலுக்குச் சரியா இருக்குன்னா, செருப்பு உங்களுதாயிடுமா தம்பி? கிடைச்ச ஊருக்கே திருப்பித் தரணும்னு புதுச் சட்டம் வந்திருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பதிவேடு ஆத்தங்கரைன்னு சொல்லுது. ஆத்தங்கரைக்காரங்க புது மண்டபமே கட்டிட்டாங்க. அழைப்பிதழ்ல இவ படம் போட்டாச்சு. எந்த ஊருக்குத் தர்றதுன்னு முடிவு பண்ற குழு மாசக் கடைசில கூடுது. அதுக்குள்ள ஒரு காகிதம் கொண்டு வாங்க… பார்க்கலாம்."

"அவங்க கிட்ட மண்டபம் இருக்கு சார். எங்க கிட்ட குழிதான் இருக்கு," என்றான் அவன்.

அன்று மாலை அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தாள். அம்மா ஓய்வு பெற்று இரண்டு வருடம். பல ஊர் அருங்காட்சியகங்களிலிருந்து இன்னும் சந்தேகம் கேட்டு அழைப்பார்கள். முப்பத்தாறு வருடத்தில் தப்பென்று ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது என்பது அம்மாவின் பெருமை, சொத்து, எல்லாம்.

"அம்மா… பதிவேட்டில எங்கயாவது ஊர் மாறிப் போயிருக்குமா?"

"யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?" அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

மறுநாள் கிடங்கில் இறங்கினாள். இப்போது புழக்கத்தில் இருப்பது படியெடுத்த புதுப் பதிவேடு. அதற்கு மூலமான பழையது, பூச்சி அரித்த அட்டையோடு மேல் தட்டில் கிடந்தது. தும்மிக்கொண்டே பக்கத்தைத் தேடினாள். இரண்டிலும் அம்மாவின் அதே முத்துமுத்தான எழுத்து.

புதியதில் இரண்டு வரி. கல்மணிகள்: கிடைத்த இடம், ஆற்றங்கரை. அதன் கீழே, அமர்ந்த பெண்: கிடைத்த இடம், மேற்படி.

பழையதில் மூன்று வரி. கல்மணிகள், ஆற்றங்கரை. அதன் கீழே ஒரு மண்விளக்கு: கிடைத்த இடம், மலையடி ஊற்று. அதற்கும் கீழே அமர்ந்த பெண்: மேற்படி. விளக்கின் மேல் மட்டும் சிவப்புக் கோடு… 'உடைந்தது, நீக்கப்பட்டது.'

அவ்வளவுதான். படியெடுக்கும்போது, இல்லாமல் போன விளக்கை அம்மா விட்டுவிட்டாள். விதிப்படி அது சரி. ஆனால் கீழே இருந்த 'மேற்படி' அப்படியே ஒரு வரி மேலே ஏறி, ஊற்றடியில் உட்கார்ந்திருந்தவளை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதைக் காட்டினால் அவன் ஊர் ஜெயிக்கும். அம்மாவின் ஒரே பெருமை, ஊர் கூடியிருக்கும் குழுவின் முன்னால் உடையும். இரண்டு பேரும் அவளுக்கு வேண்டும். என்ன செய்வாள் பாவம்!

நான்கு நாள் அவள் அவன் அழைப்பை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் நேரிலேயே வந்து நின்றான். மழை, அதே மழை.

"பழைய பதிவேட்டைப் பார்க்கறேன்னு சொன்னீங்களே…"

"பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

நிமிராமல், குச்சியால் சிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஏன் என்று கேட்பான், சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"நீங்களே பார்த்தாச்சுன்னா சரிதாங்க. எங்களுக்காக இவ்வளவு தூரம் மெனக்கெட்டீங்க. அப்பா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டான். இந்த முறை நிஜமாகவே எடுத்துக்கொண்டான்… திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். சந்தேகப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அவன் நம்பியதுதான் அவளை அறுத்தது. காலியான அந்த மூலையைப் பார்த்து அழுதாள்.

அன்றே அம்மாவின் மடியில் இரண்டு பக்கங்களின் நகலை வைத்தாள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படித்தாள். மறுபடி படித்தாள். விரல் அந்த 'மேற்படி'யின் மேலேயே நின்றது.

"யார் கிட்ட சொன்னே?"

"யார் கிட்டயும் இல்லம்மா. குடையை மறந்துட்டுப் போனாருன்னு சொன்னேனே, அவர் கேட்டாரு. ஒண்ணும் இல்லைன்னு… பொய் சொல்லிட்டேன்."

"எனக்காகவா?"

அவள் தலையாட்டினாள். அம்மாவின் முகம் சிவந்தது.

"நான் தப்பு எழுதினேன்டி. தெரியாம. நீ தெரிஞ்சே எழுதப் பார்த்தியே, அதுக்கு என்ன பேரு?"

அன்று இரவு அம்மா அடுப்படிப் பக்கமே போகவில்லை. சாப்பிடவும் இல்லை. அம்மா சாப்பிடாமல் படுத்ததை அவள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது.

குழு கூடிய நாள். ஆற்றங்கரைக்காரர்கள் பத்துப் பேர் முன்வரிசையில். கடைசி வரிசையில் அவன், பக்கத்தில் வெள்ளை முடியோடு அவன் அப்பா. ஏன் வரச் சொன்னாள் என்று புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. கஞ்சி போட்ட புடவையில் அம்மா வந்தாள். காப்பாட்சியரே எழுந்து நின்றார்.

"உட்காருங்க சார். புகழ்ச்சிக்கு வரல. இந்தப் பதிவேட்டில ஒரு தப்பு இருக்கு. தப்பு என்னுது."

இரண்டு பதிவேடுகளையும் விரித்து, மூன்று வரியையும் இரண்டு வரியையும் காட்டினாள். குரல் ஒரு இடத்தில்தான் தடுமாறியது. முன்வரிசையில் ஒருவர், "அப்ப அழைப்பிதழ் அடிச்சதெல்லாம்?" என்றார். "மணிகள் உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல. அந்தப் படத்தைப் போட்டு வேற அழைப்பிதழ் அடிங்க," என்றாள் அம்மா. காப்பாட்சியர் சிவப்புப் பேனாவை நீட்ட, அம்மா தன் முதல் திருத்தத்தை எழுதினாள். தேதி, கையெழுத்து.

வெளியே வந்ததும் கைப்பையை மகள் கையில் திணித்தாள். "இனிமே நீ எதுலயும் மேற்படின்னு போட்டுப் பாரு… கையை ஒடிச்சுடுவேன். எதுவா இருந்தாலும் முழுசா எழுது." பிறகு கதவு வழியே கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "குடைக்காரன் அவன்தானா? போய்ப் பேசு."

அவள் உள்ளே போனாள். அவன் எழுந்து நின்றான். அவன் அப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இருபது நாள் கழித்து, ஒரு வெயில் காலையில், ஊத்துக்காரி ஊர் திரும்பினாள். கயிறு கட்டி நான்கு பேர் இறக்க, கல் பாறைக்குள் ஒரு சிறு சத்தத்தோடு உட்கார்ந்தது. முண்டு இருந்த மூலையில் ஒரு நூல் இடைவெளி. அவன் அப்பா சிலைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, "வந்துட்டியா," என்று மட்டும் கேட்டார்.

அவள் ரசீதை நீட்டினாள். இந்த முறை ரசீது இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான்.

"அன்னிக்கு உங்க கிட்ட பொய் சொன்னேன்," என்றாள் தலை குனிந்து.

"தெரியும். பொய் சொல்லும்போது நீங்க பஞ்சே இல்லாத குச்சியால அவளைத் துடைச்சிட்டிருந்தீங்க. உங்களுக்குன்னு ஏதோ காரணம் இருக்கும்னுதான் பேசாமப் போனேன்… நானும் ஒண்ணு மறைச்சேங்க."

"என்ன?"

"சிலையைத் திருப்பிக் கேக்கற மனுவைத் தபால்ல அனுப்பினாப் போதும்னு ஊர்ல சொன்னாங்க. நான்தான் நேர்ல போனாத்தான் நடக்கும்னு வாரா வாரம் பஸ் ஏறினேன். இப்ப இவ வந்துட்டா… எனக்கு அங்க வர சாக்கே இல்ல."

கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. சட்டைப் பையிலிருந்து அளவைக் குறிப்பேட்டை எடுத்தான். பென்சிலால் ஒரு வரி எழுதி அவளிடம் நீட்டினான். காது இரண்டும் சிவந்திருந்தன.

'உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?'

ஊற்றுத் தண்ணீர் சலசலத்தது. அவள் பென்சிலை வாங்கினாள். கை அந்த வரிக்குக் கீழே போனது… நின்றது.

"என்ன யோசனை? மேற்படின்னு போட்டாலே எனக்குப் போதுங்க…"

"ஐயோ! அம்மா கையை ஒடிச்சுடுவாங்க," என்றாள் அவள்.

பாறையில் உட்கார்ந்து, குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல், முழுசாக எழுதினாள்.

'எனக்கும் உங்களைப் பிடித்திருக்கிறது. செய்துகொள்கிறேன்.'

கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.