சேர்மக்கனியின் தலையில் இல்லாதது

சேர்மக்கனியின் தலைக்குள் கொலை இல்லை. எவ்வளவு துருவியும் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி அரசு வழக்கறிஞர் மங்கையர்க்கரசி திரையை முறைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தலையில் வலைத்தொப்பியோடு உட்கார்ந்திருந்த சேர்மக்கனி, நகைக்கடையில் தான் சுட்ட அந்தக் கணத்தை மறுபடி நினைத்துக்கொண்டிருந்தான். நினைவுக்கு அடியில் கிடக்கும் நோக்கத்தைத் தோண்டி நிறமாகக் காட்டுவது எண்ணமானி என்ற அந்தக் கருவியின் வேலை. பயம் என்றால் மஞ்சள். கொல்லும் எண்ணம் என்றால் சிவப்பு. சிவப்பு தெரியாமல் யார் மீதும் கொலைக்குற்றம் சாட்டக் கூடாது என்பது இப்போது சட்டம். திரை முழுக்க மஞ்சள்தான் அப்பிக் கிடந்தது.

"காவலாளி ஷட்டர இழுத்துவிட்டிருக்காரு மேடம். அந்தச் சத்தத்துல பதறிப்போய் விரல அழுத்திட்டான்," என்றார் எண்ணமானியை இயக்கும் யூசுப். "கொள்ளை, அதுல ஒரு சாவு. அதுக்கு மேல எழுத முடியாது. சில வருசம் உள்ள இருந்துட்டு வந்துருவான்."

"தோட்டா போட்ட துப்பாக்கியோட போயிருக்கான். ஊதுபத்தி விக்கவா போனான்?"

"கொள்ளையடிக்கப் போனான் மேடம். கொல்லப் போகல."

முன்பெல்லாம் தோட்டா போட்டதே போதும், நோக்கத்தை நீதிபதி ஊகித்துக்கொள்வார். அந்த ஊகத்தில் அப்பாவிகள் சிலர் தூக்கில் தொங்கிய பிறகு, எண்ணமானி வேண்டும் என்று சென்னைக்கும் டெல்லிக்குமாக அலைந்து மல்லுக்கட்டியவர் இதே மங்கையர்க்கரசிதான். 'எண்ணமானி அம்மா' என்று வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசியதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. இன்று அந்தப் பெருமையே குறுக்கே நின்றது.

வெளியே பெஞ்சில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன காவலாளி ஞானதுரையின் மனைவி. அடக்கம் முடிந்ததிலிருந்து தினமும் வருகிறாள். கடையிலிருந்து போலீஸ் எடுத்து வந்த பொருட்களில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கும் இருந்தது. "சோத்தத் தொடக்கூட இல்ல மேடம்," என்று அவள் சொன்னபோது, மங்கையர்க்கரசி அவள் கையைப் பிடித்து, "அவன விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டார்.

"மீறல் விதி இருக்குல்ல?" என்றார்.

யூசுப் நிமிர்ந்து பார்த்தார். சிவப்பு இல்லாவிட்டாலும் அரசு வழக்கறிஞர் தன் பொறுப்பில் கொலைக்குற்றம் சாட்டலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து உண்டு. ஆனால் கையெழுத்திடுபவர் தானும் தொப்பியை மாட்டி, தனக்குள் வன்மம் இல்லை என்று காட்ட வேண்டும். லஞ்சம் வாங்கிக்கொண்டும் பழி தீர்க்கவும் வழக்குப் போடுகிறவர்களைத் தடுக்க வைத்த விதி. அதை எழுதிச் சேர்த்தவரும் மங்கையர்க்கரசிதான். இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

"வேண்டாம் மேடம்."

"எனக்கும் அவனுக்கும் என்ன பகை? முன்னப்பின்ன பாத்தது கிடையாது. மாட்டுங்க."

தொப்பி குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் குற்றச்சாட்டால் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று எண்ணமானி கேட்டது. மங்கையர்க்கரசி நினைத்தார். ரோஸ்லினின் கை, திறக்காத தூக்கு, அப்புறம் ஒரு கயிறு. கயிற்றில் சேர்மக்கனி.

திரை சிவந்தது. மஞ்சளின் சாயல்கூட இல்லாத அடர்ந்த சிவப்பு. எந்த வாசிப்பு முடிந்தாலும் செய்வது போலவே எண்ணமானி உடனே குற்றச்சாட்டின் வரைவை எழுதி நீதிமன்றப் பதிவுக்கு அனுப்பியது. கொலை முயற்சி. எண்ணம் தெளிவு, பதற்றம் இல்லை, செயல் தொடங்கிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் மங்கையர்க்கரசி. கீழே அரசு வழக்கறிஞர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நான் சட்டப்படிதானே கேக்குறேன்," என்றார்.

"அது மெஷினுக்குத் தெரியாது மேடம். பதவி, காரணம் எதையும் பாக்கக் கூடாது, நோக்கத்த மட்டும் பாக்கணும்னு வாதாடுனது நீங்கதான்." யூசுப் அவர் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். "உங்க மேல வந்த வரைவுல நீங்க கையெழுத்துப் போடாம விடலாம். பதிவுல இருந்து மட்டும் அழிக்க முடியாது."

கண்ணாடிக்கு அப்பால் சேர்மக்கனி ஒன்றும் அறியாமல் அழுதுகொண்டிருந்தான். மங்கையர்க்கரசிக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கொடுமை, அவன் சாக வேண்டும் என்ற ஆசை இன்னும் அடங்காதது. மீறல் மனுவை ரத்து செய்தார். கொள்ளை, அதில் ஒரு மரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, ரோஸ்லினைக் கூப்பிடச் சொன்னார்.

எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்வரை ரோஸ்லின் நின்றபடியே கேட்டாள். மஞ்சள், சிவப்பு எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரர யாரும் கொல்லலையா மேடம்?"

மங்கையர்க்கரசி கையெழுத்திட்ட தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"கொல்லணும்னு நெனச்சவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

இந்த வழக்கில் கொலை எண்ணம் உடையவர் என்று நீதிமன்றப் பதிவில் ஏறியிருந்தது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் எழுந்துபோய், ரோஸ்லின் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.