கடலடி ஊரிலிருந்து வந்த கல்

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் காலையில் காங்கேசன்துறையிலிருந்து வந்த ஞானாம்பிகை, சுன்னாகத்தில் அருளம்பலத்தின் வீட்டு விறாந்தையில் உட்காரக்கூட இல்லை. தன் தகப்பனார் நாளைக்குக் கடலில் இறங்கிச் சாகப்போகிறார் என்று நின்றபடியே சொன்னாள்.

அருளம்பலம் மலாயாப் பொலிசில் இன்ஸ்பெக்டராக இருந்து பென்சன் எடுத்தவர். அவருடைய மைத்துனன் ஏரம்பு ரயில் நிலையத்தில் டிக்கெற் கொடுப்பவன். லீவு கிடைத்தால் அத்தானுக்குப் பின்னால் துப்பறியப் புறப்பட்டுவிடுவான். கடல்கொண்ட குமரி நாட்டைப் பற்றி யார் எங்கே பேசினாலும் முன்வரிசையில் இருப்பவனும் அவன்தான். ஆகவே அந்தப் பெண்ணின் கதையை அத்தானைவிட அவன்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அவளுடைய தகப்பனார் நடராசா தமிழ் படிப்பித்த வாத்தியார். ஒரே மகன் கதிரவேலு, ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போன பாய்க்கப்பலோடு காணாமற் போனான். உடல் கிடைக்கவில்லை. வாத்தியார் ஈமக்கிரியை செய்ய மறுத்தார். பிறகு பேசவும் மறுத்தார். ஒரு வருடமாக அந்த வீட்டில் அவர் குரல் கேட்கவில்லை. ஞானாம்பிகை புருஷன் வீட்டில் இருந்த ஒரு நாளில், கிறகோரி என்ற மீனவன் தன் வலையில் அகப்பட்டதென்று மீன் செதுக்கிய தூண்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தானாம். அதைக் கண்டதும் வாத்தியாருக்குப் பேச்சு வந்துவிட்டது. பாண்டியனுடைய மீன் இது, கடல்கொண்ட ஊர் நமக்குக் கிட்டத்தான் கிடக்கிறது என்றார். சில மாதம் போக, அந்த ஊர் அழியவேயில்லை என்றார். இப்போது மகன் அங்கே இருக்கிறான், அங்கேயுள்ள கோயில் மணி கேட்கிறது, அமாவாசையன்று இறங்கி அவனைக் கூட்டிவரப் போகிறேன் என்கிறார். தோணியும் பேசியாகிவிட்டது.

"அந்தக் கல்லுப் பொய்யெண்டு ஐயாவுக்குக் காட்டித் தாங்கோ," என்றாள் ஞானாம்பிகை. "வேறை ஆர் சொன்னாலும் அவருக்கு ஏறாது."

வாத்தியாரின் வீடு கடலைப் பார்த்திருந்தது. உள்ளே யாரோ நித்திரை கொள்வதுபோல எல்லோரும் மெல்லப் பேசினார்கள். வேலிப் படலையைத் திறக்கும்போதே தனக்கு மணிச்சத்தம் கேட்டதென்று ஏரம்பு பிறகு சத்தியம் செய்தான். மற்றவர்களுக்குக் கேட்காதவை அவனுக்குக் கேட்பது வழக்கம்தான். ஆனால் அன்று அவன் முகம் வெளிறியிருந்தது உண்மை.

கல் சாமியறைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தது. அருளம்பலம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மேல், கீழ், பக்கம் எங்கும் சிப்பி நெருக்கமாக ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும், கல்லைச் சுற்றி, விரலகலத்துக்கு ஒரு வெறும் வளையம்.

இவ்வளவு சிப்பி ஏறுவதற்கு எத்தனை ஆயிரம் வருடம் சென்றிருக்கும் என்று ஏரம்பு உருகினான். அருளம்பலம் கல் கிடைத்தது எப்போது என்று மட்டும் கேட்டார். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். செல்வநாயகி தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஞாயித்துக்கிழமை விடிய," என்றாள். "வலை இழுத்த கையோடை கொண்டந்து என்னட்டைத் தந்தவன்."

கிறகோரியைக் கரையில் கண்டார்கள். தோணியின் முன்பக்கத்து அணியத்தில் அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது. கல்லைப் பற்றிக் கேட்டதும் அவன் வலையை மடியில் போட்டுக்கொண்டு, "நான் வாக்குக் குடுத்திட்டன் ஐயா, கதைக்க மாட்டன்," என்றான். அருளம்பலம் வற்புறுத்தவில்லை, பின்னேரம் வாத்தியார் வீட்டுக்கு வரும்படி சொன்னார். அவன் வந்தான்.

எல்லோரும் கூடியதும் அருளம்பலம் கல்லை நடுவில் வைத்தார்.

"கடலடியிலை கிடந்த கல்லெண்டால் மண்ணிலை புதைஞ்ச பக்கத்திலை சிப்பி ஒட்டாது. இதிலை எல்லாப் பக்கமும் ஒட்டியிருக்கு. ஒட்டாதது இந்த வளையத்திலை மட்டும். அதிலை கயிறு இருந்தது. இது கிடந்த கல்லில்லை வாத்தியார், ஆரோ தண்ணியிலை கட்டித் தொங்கவிட்ட கல்."

ஏரம்புவுக்குத் தன் நாடே பறிபோன மாதிரி இருந்தது. பேர் எடுக்க ஆசைப்பட்ட எவனோ செய்த வேலை என்றான்.

அருளம்பலம் தலையாட்டி மறுத்தார். பேருக்குச் செய்தவன் பத்திரிகைக்காரனிடம் போயிருப்பான். இந்தக் கல்லோ ஒரே ஒரு மனிதரைத் தேடி வந்திருக்கிறது. "அதோடை, ஞாயிறு விடியக் கிறகோரி தேவாலயப் பூசையிலை நிப்பான். அவன்ரை ஆக்கள் அண்டைக்கு வலை தொடமாட்டினம். அவன் சொன்ன பொய்யெண்டால் வேறை கிழமை சொல்லியிருப்பான். ஞாயிறும் மற்ற நாள் போலை இருக்கிற சைவ வீட்டிலை உண்டான பொய் இது."

கிறகோரி வாசலில் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ரை ஊரிலை இடிஞ்ச மடத்துக் கல்லு," என்றாள் செல்வநாயகி. "நான்தான் கடலிலை கட்டிவிட்டு எடுத்துத் தரச்சொல்லி அவனைக் கும்பிட்டுக் கேட்டனான். ஒரு வருசம் இவர் என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பிள்ளையும் போய், இவரும் போனால் நான் ஆரோடை இருக்கிறது?"

வாத்தியார் கோபிப்பார் என்று ஞானாம்பிகை பயந்தாள். அவர் கோபிக்கவில்லை. அருளம்பலத்தைத்தான் பார்த்தார்.

"அப்ப கீழை ஒரு ஊரும் இல்லையோ?"

எத்தனையோ கொலைகாரரை நேருக்கு நேர் விசாரித்த அருளம்பலத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பெரும் பாடாக இருந்தது. குமரி நாட்டைப் பற்றித் தனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கல் அங்கேயிருந்து வரவில்லை என்றார். பிறகு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "உங்கடை மகன் போன இடத்திலை தண்ணிதான் வாத்தியார்," என்றார்.

வாத்தியார், தோணி வேண்டாமென்று தோணிக்காரனுக்குச் சொல்லிவிடும்படி கிறகோரியிடம் சொன்னார். பிறகு மகளை அழைத்தார்.

"ஐயரிட்டைப் போய்ச் சொல்லு பிள்ளை. தம்பிக்குச் செய்யவேண்டியதை நாளைக்குக் கீரிமலைத் தீர்த்தத்திலை செய்வம்."

ஞானாம்பிகைக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் படியில் கால் வைத்தாள். செல்வநாயகி ஓடிவந்து இரண்டு கையாலும் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதை பிள்ளை," என்றாள். "கிரியை செய்தால் அவன் செத்துப்போவான்."

வாத்தியார் எழுந்து வந்து, மகளின் கையிலிருந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.